உப்புப் பார்க்கிறவர்

பேகம்பூர் சௌகத் அலிக்குக் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குவது தொழில். மனுஷருக்கு இருந்த ஒரே கர்வம் அவருடைய நாக்கு. அரிசி போடுவதற்கு முன், கொதிக்கிற மசாலாத் தண்ணீரை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பார். அது கொஞ்சம் கரித்தால்தான் சோற்றில் உப்பு சரியாக நிற்கும். அந்த வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டார்.

போன வருஷம் பிரஷர் ஏறித் தலைசுற்றி விழுந்தார். மாத்திரையோடு சாப்பாட்டையும் மாற்றச் சொன்னார் டாக்டர். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் நின்றன. கீரையும் பயறும் சிறுமலை வாழைப்பழமும் வந்தன. மனைவி சர்புன்னிசா குழம்பில் உப்பைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். முதலில் மண்ணைத் தின்பது போலிருந்தது, பிறகு பழகிவிட்டது. பிரஷரும் இறங்கியது. டாக்டருக்கு ஏக சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் குழப்பம். நாகல் நகர் கல்யாணத்தில் பந்தியில் உப்புக் கேட்டார்கள். பிரியாணி மாஸ்டருக்கு இதைவிட அவமானம் கிடையாது. அவர் அரிசியைச் சந்தேகப்பட்டார், மிளகாயைச் சந்தேகப்பட்டார், ஆட்டைக்கூட விடவில்லை. அடுத்த ஆர்டர் வீட்டுக் கொல்லையிலேயே வெந்தது. முதல் தடவையாக மனைவியிடம் ருசி பார்க்கச் சொன்னார்.

"சரியாத்தான் இருக்கு. இதுக்கு மேல போட்டா கரிக்கும்" என்றாள்.

அன்றைக்கும் உப்புக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்புல எப்படித் தப்பாகும்?"

"நானும் உங்க குழம்பைத்தான திங்கிறேன்."

"உனக்குத் தனியா உப்புப் போட்டுக்கிறேன்னு சொன்னியே?"

"நீங்க சப்புன்னு திங்கயில எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

வந்தது கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை.

"கொஞ்ச நாள் பழையபடி தின்னா நாக்கு வந்துரும்" என்றார்.

"நாக்கு வந்துரும். நீங்க போயிட்டா?"

அடுத்த கல்யாணத்தில், அடுப்புப் பார்க்கிற நாசரைக் கூப்பிட்டு அவன் கையில் தண்ணீரை விட்டார்.

"இன்னும் ரெண்டு கை போடணும் பாய்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டார். அன்று யாரும் உப்புக் கேட்கவில்லை. பலே மாஸ்டர் என்றார் பெண்ணைப் பெற்ற அத்தா. சௌகத் அலி ஒரு வாய் எடுத்து வைத்தார். விழுங்க முடியவில்லை.

"ஏப்பா நாசரு, இம்புட்டு உப்பையா இத்தன வருஷமா ஊருக்கே ஆக்கிப் போட்டேன்?"