சூலூர் வரை ஒரு தூக்கம்

சூலூர் குளத்துக்குப் பேருந்திலேயே போய்வர முடியுமா என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தனர். முடியும். தை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் நானே போய்வந்தேன்.

காந்திபுரத்தில் காலை எட்டேகாலுக்குச் சாதாரண நகரப் பேருந்து. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். திருச்சி சாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பெண்களுக்குக் கட்டணமில்லை. எனக்கு முன் இருக்கையில், ஜவுளிக்கடைக் கட்டைப்பையை மடியில் அணைத்தபடி, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் ஏறியதுமே உறங்கிவிட்டார். சிங்காநல்லூரில் மாணவர் கூட்டம் இரைச்சலோடு ஏறியது, அவர் அசையவில்லை.

குளத்தில் கூழைக்கடாக்களும் நாமக்கோழிகளும் இருந்தன. வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும்.

நண்பகலில் சூலூர் நிறுத்தத்துக்குத் திரும்பினால், அதே அம்மையார், அதே பேருந்து. இடையில் அவர் ஒருமுறை காந்திபுரம் போய் வந்திருந்தார். கேட்டேன், மறைக்காமல் சொன்னார். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிறார். வேலை இருக்கிறது, வீடில்லை. அறைக்கு முன்பணம் சேரவில்லை. இரவில் காந்திபுரத்து நிழற்குடையில் விழித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"ராத்திரி கண்ணசந்தா பை போயிருமுங்க. பை போனாலும் போவுது…" என்று நிறுத்திக்கொண்டார்.

ஆகவே பகலில் பேருந்தில் உறங்குகிறார். அன்று மாலையும் மண்டப வேலை. போன முறை அசதியில் தட்டு அடுக்கைத் தவறவிட்டிருக்கிறார். இன்னொரு தரம் நடந்தால் கூப்பிடமாட்டார்களாம்.

நடத்துநர் அந்தத் தடத்துக்குப் புதியவர். வழியை மறித்தார்.

"ஏனுங்கம்மா, இப்பத்தான எறங்குனீங்க? காலைல இருந்து சும்மா சுத்தீட்டே இருந்தா எப்புடீங்க?"

பெண்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்ற விதியை எடுத்துச் சொல்ல நான் வாய் திறந்தேன். தேவைப்படவில்லை.

"ஏங்கண்ணு, நீயுந்தான் காலைல இருந்து காந்திபுரத்துக்கும் சூலூருக்கும் போய்ப்போய் வாரே. உனக்கு அங்க என்ன சோலின்னு நாங் கேட்டனா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டனர். நடத்துநரும் சிரித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். காந்திபுரத்தில் கடைசி ஆள் இறங்கும்வரை, உறங்கிய அம்மையாரை அவர் எழுப்பவில்லை.

இறங்கியபின் அந்த நிழற்குடையைப் போய்ப் பார்த்தேன். நீண்ட இருக்கையின் குறுக்கே இரண்டு இரும்புத் தடுப்புகள். கை வைத்துக்கொள்வதற்கல்ல, எவரும் உடலை நீட்டிவிடாமலிருக்க. அதை ஒருவர் வரைந்திருக்கிறார், ஒருவர் அளந்திருக்கிறார், ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார். மூவர் வீட்டிலும் கட்டில் இருக்கும். தன்னிடம் உழைப்பவரை உறங்கவைக்க இம்மாநகருக்கு ஒரு நடத்துநரின் நல்ல மனம் தேவைப்படுகிறது. இதில் நெகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

போகிறவர்களுக்கு: சில்லறை, தொப்பி, தண்ணீர் அவசியம். குளத்தருகே நிழல் குறைவு. பேருந்தில் கட்டைப்பையை அணைத்தபடி எவரேனும் உறங்கினால், சூலூர் வந்துவிட்டதென்று எழுப்பி உதவ வேண்டாம். அவர் போக வேண்டிய இடம் சூலூர் அல்ல.