அருவிக்குக் காட்டிய முதுகு

மதினியின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் விரல்கள் ஓரிடத்தில் தட்டி நின்றன. முதுகுத்தண்டின் நடுவில் ஓர் எலும்பு மட்டும் சுண்டைக்காய் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. தொட்டதும் மதினி பல்லைக் கடித்தாள். "ஒண்ணுமில்லட்டி, நீ தேய்" என்றாள்.

ஐம்பதுகளின் கடைசி அது. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தென்காசி வீட்டுக்கு அவள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சில மாதங்களாகவே முதுகுவலி. சாயங்காலமானால் உடம்பு சுடும். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். எங்கள் பக்கத்தில் மேல்வலிக்கு வைத்தியர் குற்றால அருவிதான். சாரல் காலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, விழுகிற தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து நின்றால் போதும் என்பார்கள். அம்மாவும் அதையே சொன்னாள். "டாக்டர்ட்ட போனா ஊசியத்தான் குத்துவான். அருவி அடிச்சா எந்தப் பிடிப்பும் விட்டுப் போகும்." கெடுதல் நினைத்துச் சொன்னதல்ல. அவளுடைய இடுப்புவலியை வருஷாவருஷம் தீர்த்துவைத்ததும் அந்தத் தண்ணீர்தான்.

அன்று பேரருவியில் தண்ணீர் முரட்டுத்தனமாக விழுந்தது. மதினி கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். பக்கத்தில் நான். கொஞ்ச நேரத்தில் அவள் பிடி நழுவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வழுக்கிவிட்டதாக்கும் என்று கைகொடுத்துத் தூக்கினேன். கால்கள் ஈரத்துணியாகத் துவண்டு தொங்கின. "என் காலக் காணோமேட்டி" என்றாள். அந்த இரைச்சலில் அது எனக்கு மட்டுந்தான் கேட்டது.

குதிரைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பில் காசநோய் என்றார் டாக்டர். "எலும்பே அரிச்சுப் போயிருக்கு, அது மேல அருவியடி வேறயா?" என்று அம்மாவைச் சத்தம் போட்டார். உள்ளே நரம்பு நசுங்கியிருக்கிறது, கால் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார்.

கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு, ஊசி மருந்தோடு வீட்டில் மல்லாக்கக் கிடத்தினார்கள். தினமும் காலைக் கிள்ளி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அந்த வேலை எனக்கு. கிள்ளியதும் "வலிக்கி" என்பாள். அம்மா உடனே பண்பொழி மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "திருமலை முருகா" என்று கும்பிடுவாள். அவள் சொல்வதை நம்ப எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. ஒரு நாள் கிள்ளாமலே, கிள்ளுவதுபோல முகத்தை மட்டும் சுளித்தேன்.

"வலிக்கி" என்றாள் மதினி.

இத்தனை நாளும் அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தைட்ட சொல்லிராதட்டி. கால் வராதுன்னா என்னைய எங்க அம்மை வீட்டுல கொண்டு விட்டுருவாக. ஒங்க அண்ணனுக்கு வேற பொண்ணு பாப்பாக" என்று அழுதாள். டாக்டரிடம் மட்டும் சொன்னேன். மருந்தை நிறுத்தாமல் பொறுத்திருக்கச் சொன்னார். அதற்குப் பிறகு விடிந்தாலே எனக்குப் பயம். போர்வைக்குள் கையை விடுவேன். அவள் என் முகத்தையே பார்ப்பாள்.

இப்போது எனக்கும் முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. வலியைத் திட்டாமல் ஒரு பொழுதும் போவதில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் நாங்கள் வலிக்காகத் தவம் கிடந்தோம்.

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம். மதினி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியருகே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி! காலுல என்னமோ கடிக்கிட்டி!"

சுளகைப் போட்டுவிட்டு ஓடினேன். தூக்கக் கலக்கத்தில் அவள் கண்கள் இன்னும் மூடியே இருந்தன. போர்வையை விலக்கினேன். பெருவிரலைக் கவ்விக்கொண்டு ஒரு கட்டெறும்பு.

"எடுத்துத் தொலையேட்டி" என்று கத்தினாள்.

நான் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும் என்று அழுதுகொண்டே நின்றேன்.