தண்ணீர் ஊற்ற விடாத ஸ்டெல்லா

எண்பதுகளின் தொடக்கத்தில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். சிங்கப்பூரில் அப்போது நர்சுகளை எல்லாரும் ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் போன்ற கத்தோலிக்க மிஸ்ஸிகளுக்கு, யாரும் எழுதித் தராத ஒரு வேலையும் இருந்தது. எங்கள் சபைக் குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால், ஃபாதர் வரும்வரை காத்திராமல் நாங்களே நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதற்கு முன் பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்போம். அழுதுகொண்டே தலையாட்டுவார்கள்.

மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் ஸ்டெல்லாதான்.

எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து ஒயர் ஒட்டுகிற வேலை அவளுக்கு. ஏழாம் மாதத்திலேயே இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்துவிட்டன. பெரியவன் சேவியர், சின்னவன் லாரன்ஸ். இருவரும் இன்குபேட்டரில் இருந்தார்கள். பெரியவன் தேறி வந்தான். சின்னவனுக்கு ஆப்னியா, அதாவது மூச்சு திடீர் திடீரென்று நின்றுவிடும். உள்ளங்காலைச் சுண்டினால் திரும்ப வரும். பெரியவனைப் பற்றிக் கவலையில்லை, சின்னவனைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை காரிடாரில் ஸ்டெல்லாவின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மிஸ்ஸி, சின்னவனுக்குத் தண்ணி ஊத்திடும்மா. ஞானஸ்நானம் இல்லாமப் போச்சுன்னா அது எங்க போய்ச் சேரும்?”

சரி என்று நான் திரும்பினால், காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு ஸ்டெல்லா வார்டு கதவை மறித்து நிற்கிறாள்.

“அக்கா, யாருக்கு ஊத்தப் போறீங்க?”

“சின்னவனுக்கும்மா. ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

“அப்ப பெரியவனுக்கு?”

“அவனுக்கு அப்புறமா கோயில்ல...”

“ஒருத்தனுக்குக் கோயில், ஒருத்தனுக்கு வார்டா? ஊத்தினா ரெண்டு பேருக்கும் கோயில்லதான். இங்க ஊத்தினா இவன் சாகப்போறான்னு நாமளே முடிவு கட்டின மாதிரி ஆயிடும்.”

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “அடிப் பாவி! புள்ள மோட்சத்துக்குப் போக வேணாமா?”

“அவன் மோட்சத்துக்குப் போகல அத்தை. சிராங்கூனுக்கு வர்றான், நம்ம வீட்டுக்கு.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பெற்றவளுக்கு இத்தனை திமிரா என்று நினைத்தேன். அதைவிடப் பயம்தான் அதிகம். நானும் மாமியார் நம்பியதையே நம்பி வளர்ந்தவள். அவன் என் டியூட்டியில் போய்விட்டால் கடவுளுக்கு நான் என்ன பதில் சொல்வது? கூட வேலை செய்த மிஸ்ஸி ஒருத்தி காதோடு சொன்னாள்: “அவளுக்குத் தெரியாம ஊத்திடு லா. யாருக்குத் தெரியப் போகுது?” அது மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டெல்லா தினமும் பஸ் ஏறி வந்தாள். பச்சை உடம்புக்காரி வாசலைத் தாண்டலாமா என்று மாமியார் கத்துவாராம். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று எங்கள் தலைமை நர்சான வார்டு சிஸ்டர் விரட்டினால், “நான் கண்ணாடிக்கு வெளியிலதானே நிக்கிறேன் சிஸ்டர்? காரிடாரும் உங்க வார்டா?” என்று இங்கிலீஷில் கேட்பாள். சிஸ்டரையே எதிர்த்துப் பேசிய ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான்.

ஒரு பிற்பகல் லாரன்ஸின் மானிட்டர் அலறியது. காலைச் சுண்டினேன், முதுகைத் தேய்த்தேன். அசைவில்லை. உதடு நீலமாகிவிட்டது. கூட இருந்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். நான் மாஸ்க்கை அவன் முகத்தில் அழுத்தி, மறு கையால் அதோடு இணைந்த ரப்பர் பேகை அமுக்கிக் காற்றைச் செலுத்தினேன். எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தது. ஒரு சொட்டு போதும். ஆனால் அதை எடுக்க ஒரு கையை விட வேண்டும். மாஸ்க்கை விட்டால் காற்று போகாது, பேகை விட்டாலும் போகாது.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் ஸ்டெல்லா. அவள் அழவில்லை. வேண்டாம் என்று விரலை ஆட்டினாள்.

ஆண்டவரே, பாவமென்றால் என் தலையில் போடும் என்று சொல்லிக்கொண்டு பேகை அமுக்கினேன். டாக்டர் வந்து சேர்ந்தபோது உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது.

அதன்பின் அவன் மெல்ல மெல்ல ஏறி வந்தான். முதலில் ஆக்சிஜன் தேவையில்லாமல் போயிற்று, அப்புறம் டியூப் ஃபீடிங்கும். பாட்டிலைக் கொடுத்தால் நிப்பிளை விடாமல் இழுப்பான். வெயிட் சார்ட்டில் கோடு ஏறுவதைப் பார்க்க டாக்டர்கூட வந்து நிற்பார்.

வேலைக்குப் புதிதாக வந்த பெண்களுக்குப் பிற்பாடு நான் இதைத்தான் சொன்னேன். கடவுள் காத்திருப்பார், குழந்தையின் மூச்சு காத்திருக்காது. உயிர் இருக்கிறவரை இரண்டு கையும் குழந்தை மேல்தான் இருக்க வேண்டும். சில மூத்த மிஸ்ஸிகளுக்கு இது பிடிக்கவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை.

ஞானஸ்நானத்தன்று என்னைச் சின்னவனுக்கு ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள் ஸ்டெல்லா. கோயிலில் ஃபாதர் தண்ணீரை எடுத்ததும், சின்னவனைக் கையில் வைத்திருந்த என்னை மாமியார் பதறிக்கொண்டு முன்னால் தள்ளினார்.

“மொதல்ல சின்னவனுக்கு ஊத்துங்க சாமி!”

ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“அவனுக்கு என்ன அத்தை அவசரம்? பெரியவன் முடியட்டும். இவன் வரிசையில நிப்பான்.”