கழுவெளிக் கரையில் ஒரு தூக்கம்

கழுவெளிக்குப் போகிற சனிக்கிழமைகளில் முந்தின நாள் மாலையே பையைத் தயார் செய்துவிடுவேன். அடியில் ஒரு துண்டு, அதன்மேல் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நிறைந்த எவர்சில்வர் டப்பா. மாத்திரை மட்டும் பையில் இருக்காது. அது என் கணவரின் சட்டைப் பையில் இருக்கும். நெஞ்சை அடைத்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை. யார் வேண்டுமானாலும் சட்டென்று எடுக்கும்படி, வெள்ளித்தாள் பட்டையின் ஓரம் வெளியே தெரிய அதைச் செருகியிருப்பார்.

கோடையில் அவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. காயம் ஆறிவிட்டது, பசி வந்துவிட்டது, தூக்கம் மட்டும் வரவில்லை. வரவில்லை என்பதைவிட, அவர் அதை வரவிடவில்லை என்று எழுதுவதுதான் சரி. கண் செருகும்போதே உடம்பு தூக்கிப் போட, எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"கண்ண மூடினா மறுபடி தெறக்குமான்னு இருக்குதும்மா" என்று ஒருநாள் சொன்னார்.

தூங்காமல் இருந்தால் தேறிய இதயம் மறுபடி கெடும் என்றார் டாக்டர். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொள்ள இவர் சம்மதிக்கவில்லை. தானாக வருகிற தூக்கத்துக்கே பயப்படுகிறவர், மாத்திரை இழுத்துப் போகிற தூக்கத்துக்கு எப்படி உடன்படுவார்? கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருமை இறங்கிக்கொண்டே வந்தது.

இத்தனைக்கும் தூக்கத்துக்குப் பேர்போனவர் அவர். திண்டிவனத்திலிருந்து தாம்பரம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ரயிலில் போய் வருகிறவர். கல்யாணமான நாளிலிருந்தே அந்த வேலைதான். மாலை வண்டியில் செங்கல்பட்டு தாண்டியதும் தூங்கிவிடுவார். பெட்டியில் சீட்டாட்டம் நடக்கும், முறுக்கு விற்கும், அரசியல் பேசுவார்கள். எதுவும் அவரைத் தொடாது. திண்டிவனத்துக்கு முன்னால் வரும் ஒலக்கூர் தாண்டியதும் யாரும் எழுப்பாமலே கண்ணைத் திறந்து, மேலே இருக்கும் பையை எடுப்பார். ஒருமுறை உடன் பயணிக்கிறவர்கள் வேடிக்கை பார்க்க நினைத்து, "யோவ், திண்டிவனம் வந்துட்சி, எறங்கு" என்று உலுக்கியிருக்கிறார்கள். கண்ணைத் திறக்காமலே, "இது அச்சரப்பாக்கம், போய் சீட்டப் போடுங்கய்யா" என்றாராம்.

அப்படிப்பட்டவருக்காக நான் வீட்டைச் சத்தமில்லாமல் ஆக்கினேன். டிவியை அணைத்துவைத்தேன். அழைப்பு மணியின் வயரைக் கழற்றினேன். விசில் சத்தம் கேட்கக்கூடாது என்று குக்கரை மேலே எடுத்து வைத்துவிட்டுச் சோறு வடித்தேன். ரயில்வே லைன் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கனமான திரை போட்டேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். தூக்கம் வரவில்லை.

நடக்கச் சொல்லியிருந்ததால் காலையில் தெருவில் நடந்தோம். அதுவும் நீடிக்கவில்லை. பால் வாங்க வந்த ஒருவர் வழிமறித்தார்.

"இன்னாண்ணே, ஆபரேசனாமே? நம்ம மச்சான் ஒருத்தருக்கும் இதேதான். நல்லாத்தான் நடந்துக்கினு இருந்தாரு."

"அப்புறம்?" என்றார் இவர்.

"அப்புறம் இன்னா, ஒருநாள் தூக்கத்துலயே போய்ச் சேந்துட்டாரு. அத வுடு. நீ தைரியமா நடண்ணே."

மறுநாளிலிருந்து நடை நின்றது. யாரும் விசாரிக்காத இடமாக வேண்டும் என்று யோசித்தபோதுதான் என்னோடு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மரக்காணத்துப் பெண் கழுவெளியைச் சொன்னாள். பறவைகள் சரணாலயம், கரைமேல் நடக்கலாம், கேட்க ஆளில்லை என்றாள்.

கேட்க ஓர் ஆள் இருந்தார். முதல் நாளே, கரை தொடங்கும் இடத்தில் வனத்துறைக் காவலர் எங்களை நிறுத்தி, இவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைக் காட்டினார்.

"அத உள்ள வச்சிக்கோங்க சார். பறவைங்க தூரத்துலயே பாத்துட்டுப் பறந்துடும். எங்கெங்கருந்தோ வந்து ரெஸ்ட் எடுக்குதுங்க, பேஜார் பண்ணாதீங்க."

"அதுங்களுக்காவது தூக்கம் வருதே" என்றார் இவர்.

"ஒத்தக் கால்ல நின்னுக்கினே தூங்கும் சார். கட்டிலா கேக்குது, மெத்தையா கேக்குது?"

இவர் சிரித்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. அடுத்த வாரத்திலிருந்து வெளுத்துப்போன மண்நிறத் துண்டை எடுத்து வைத்தேன்.

மார்கழி முழுக்க நடந்தோம். தொடக்கத்தில் நெஞ்சில் கையை வைத்தபடி கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடுவார். பிறகு கை இறங்கியது, தூரம் கூடியது. தூக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

நான் சொல்ல வந்தது தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பஸ் பிரம்மதேசம் தாண்டும்போதே பனி இறங்கியிருந்தது. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் வடித்த கஞ்சியின் நிறத்தில் இருந்தன. கரை மட்டும் காலுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகி, பின்னால் கரைந்துகொண்டிருந்தது. உப்பும் சேறும் கலந்த வாடை. நாணல் நுனிகளில் ஈரம். நடக்கிறோமா, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கிறோமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எங்கள் செருப்புச் சத்தம் வேறு யாரோ முன்னால் போவதுபோலக் கேட்டது.

மதகுக்கு வந்ததும் அதன் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தோம். அவர் முதுகைச் சுவரில் சாய்த்தார். துண்டை எடுத்துப் போர்த்திவிட்டேன். பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. முதலில் தண்ணீர்ச் சத்தம் என்று நினைத்தேன். இல்லை, வாத்துகள். கண்ணுக்குத் தெரியாத பெருங்கூட்டம். கத்தவில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று எதையோ சொல்ல, இன்னொன்று மறுக்க, தள்ளியிருந்த நாலைந்து சேர்ந்து சிரிக்க, மறுபடி முணுமுணுப்பு. நடுநடுவே ஓர் உள்ளான் பறவை, எதையோ விற்றுக்கொண்டு போகிறவன்போல ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது.

"மல்லாட்டை எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

தொட்டுப் பார்க்கலாம். தொட்டால் விழித்துவிடுவார், மாதக்கணக்கில் வராமல் வந்த தூக்கம் கலைந்துவிடும். தொடாமல் இருக்கலாம். இருந்தால், இது தூக்கம்தானா என்று எப்படித் தெரியும்? துண்டின் நுனி அசைந்தது. அது அவர் மூச்சா, காற்றா என்று புரியவில்லை. நாணலும் அதே அளவுக்குத்தான் அசைந்தது. கையை நீட்டினேன், அவர் தோளுக்கு ஒரு சாண் முன்பாக நிறுத்தினேன். அப்படியே வைத்திருந்தேன்.

பனி மெலிந்து, தண்ணீரின்மேல் ஒரு வெளிச்சம் பரவியது. வெயில் என்று சொல்ல முடியாது, வெயில் வரப்போகிறது என்கிற வெளிச்சம். அப்போது அவர் சட்டைப் பையில் வெள்ளித்தாள் மினுங்கியது. அணைந்தது. மறுபடி மினுங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு ஏற, பட்டையின் ஓரம் வெளிச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. காற்று நின்றது. நாணல் அசையவில்லை. வெள்ளித்தாள் மட்டும் மினுங்கி அணைந்து, மினுங்கி அணைந்து. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு பூநாரைகள் வந்தன. பறந்து வரவில்லை. பனிக்குள்ளிருந்து நடந்தே வந்தன, தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரைத் துழாவியபடி. வெகுநேரமாக நாங்கள் அசையாததால் எங்களையும் மதகோடு சேர்த்துக்கொண்டன போலிருக்கிறது. அவற்றின் கால் எடுத்து வைக்கும் ஓசை கேட்கும் அளவுக்குக் கிட்டே வந்தன. ரோஜா நிறம் என்பார்கள். அன்று பார்த்தது பாலில் ஒரு சொட்டுக் குங்குமப்பூத் தண்ணீர் விட்டதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று நான் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறவள், அன்று பார்க்கவில்லை.

திடீரென்று அவர் கண்ணைத் திறந்தார். தூக்கிப் போடவில்லை. சாதாரணமாகத் திறந்தார். எழுந்து நின்று, வலது கையைத் தலைக்குமேல் நீட்டி, வெறும் காற்றில் பையைத் தேடினார்.

"ஒலக்கூர் போயிட்சா?"

பூநாரைகள் கழுத்தை நிமிர்த்தின. அருகே இருந்தவை சிவந்த இறக்கைகளை விரித்து எழுந்தன.

"இப்பதாங்க தாண்டிச்சு" என்றேன்.

அவர் கையை நீட்டியபடியே நின்றார். மேலே பார்த்தார், கம்பியும் இல்லை, பையும் இல்லை. தண்ணீரைப் பார்த்தார். பிறகு கையை மெல்ல இறக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தூங்கிட்டனா?"

"நல்லாத் தூங்கினீங்க."

"எழுப்பறதுதானே?"

"உங்கள எப்ப யாரு எழுப்பினாங்க?"

மல்லாட்டை டப்பாவைக் கேட்டு வாங்கினார். உரித்துத் தின்றபடி வாத்துச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "சீட்டாட்டத்துல யாரோ ஏமாத்திட்டான் போல. அதான் இந்தச் சண்ட" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோரம் அவரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் ஒரு கைக்குழந்தை அழுதது, பின்னால் இரண்டு பேர் நிலத் தகராறு பேசினார்கள், டிரைவர் பாட்டு போட்டார். மரக்காணம் எல்லை தாண்டுவதற்குள் அவர் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. வெள்ளித்தாளைப் பார்க்கக் குனிந்தேன். பிறகு நிமிர்ந்து, எதிர்ப்பக்கத்து வயல்களைப் பார்த்தேன்.

திண்டிவனம் மேம்பாலம் தெரிந்தபோதும் நான் அவரை எழுப்பவில்லை. அவராகவே விழித்து, என் மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரயில்வே லைன் பக்கத்துத் திரையைக் கழற்றி ஊறவைத்தேன், ஜன்னலைத் திறந்தேன், டிவியைப் போட்டேன். பிறகு மேலே வைத்திருந்த குக்கரை இறக்கி, அரிசியும் தண்ணீரும் அளந்து, அடுப்பில் ஏற்றினேன்.