தயார் என்று பொய் சொன்ன வரி

வீட்டில் அவளுக்கு மிச்சம் என்று பெயர். பதினோரு வயதில் மேசை விசிறியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். மாட்டி முடித்தபோது தரையில் மூன்று திருகாணிகளும் ஒரு வளையமும் மீந்து கிடந்தன. அப்பா கத்தினார். ஆனால் விசிறி ஓடியது, அதுவும் முன்னைவிடச் சத்தமில்லாமல் ஓடியது. "அப்போ இதெல்லாம் எதுக்குப்பா இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள். ஏழு வயதுத் தம்பி கட்டிலில் உட்கார்ந்தபடி அன்றைக்கு வைத்த பெயர்தான் மிச்சம். முப்பத்திரண்டு வருஷமாகியும் அது அவளைவிட்டுப் போகவில்லை.

விசிறி போய்க் கணினி வந்தது, புத்தி மட்டும் மாறவில்லை. சின்னச் சின்னக் கருவிகளுக்குள் உட்கார்ந்து அவற்றை நடத்துகிற இயங்குதளம் ஒன்றைச் செய்யும் நிறுவனத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. மூன்றாவது மாடியில், பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாயைப் பார்த்த ஜன்னலோரத்தில் அவள் மேசை. மற்றவர்கள் வாரக் கடைசியில் எத்தனை வரி நிரல் எழுதினோம் என்று சொல்வார்கள். இவள் எத்தனை வரி அழித்தேன் என்று சொல்வாள். அழித்ததில் பெருமை வேறு. புதிதாகச் சேருகிறவர்கள் தங்கள் நிரலை அவளிடம் காட்டுவதற்கு முன் ஒரு தடவைக்கு நாலு தடவை யோசிப்பார்கள், அதில் தப்பே இல்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற வாய் அது.

அவள் பொறுப்பில் இருந்தது த்ரெட் லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பு. ஒரு நிரல் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு த்ரெட் என்று பிரித்துக்கொள்ளும். ஒன்றின் காலை இன்னொன்று மிதிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த லைப்ரரியின் பிழைப்பு. அதற்கு முதலில் அது தன்னைத் தயார்செய்துகொள்ள வேண்டும். சமையல்காரர் வந்து அடுப்பு மூட்டிய பிறகுதானே பரிமாறுகிறவருக்கு வேலை? ஆனால் இங்கே அடுப்பு மூட்ட நாலு பேர் இருந்தார்கள். நிரல் தொடங்கும் இடத்தில் ஒரு அழைப்பு, முதல் த்ரெட்டை உருவாக்கும் இடத்தில் ஒன்று, நினைவகம் கேட்கும் இடத்தில் ஒன்று, பிற்பாடு வந்து சேரும் லைப்ரரிகளுக்காக இன்னொன்று. எதற்கும் இருக்கட்டும் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலு பேரும் மூட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒரு குறி இருந்தது. குறி 'தயார்' என்று சொன்னால் வந்தவர் பேசாமல் திரும்பிவிடுவார்.

இதையெல்லாம் தூக்கிவிட்டு ஒரே இடத்தில், நிரலின் முதல் மூச்சிலேயே, ஒரே தடவை தயார்செய்தால் போதும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக எண்ணம். அந்த எண்ணத்துக்கு அவசரம் வந்தது தம்பியால்.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் வராது. கணக்கில் பட்டம் வாங்கி, வீட்டிலிருந்தபடி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். மோட்டார் வைத்த நாற்காலி ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓடியது அக்காவின் இயங்குதளம். "உன் தலைமேலதான் உட்கார்ந்திருக்கேன்" என்று அவளைச் சீண்டுவான். பேருந்தில் ஏறி நாற்காலியைத் தரையோடு பூட்டியதும் அதை அணைத்துவிட வேண்டும், இறங்கும்போது மறுபடி போட வேண்டும் என்பது அந்த ஊர்ப் பேருந்துகளின் விதி. இறங்கும்போது சில நாள் நாற்காலி எழாது. பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு வர வேண்டும், வராது. பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, இரண்டு நிமிஷம் கழித்துச் சொருகினால்தான் உயிர் வரும். அதுவரை பேருந்து நிற்கும். ஓட்டுநர் எழுந்து வருவார். மொத்தப் பேருந்தும் அவனையே பார்க்கும்.

"ஒருத்தர் என்ன சொன்னார் தெரியுமா?" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னான். "இப்படிக் கஷ்டப்படறதுக்கு வீட்லயே இருக்கலாமேப்பான்னு. நல்ல மனுஷன். அக்கறையாத்தான் சொன்னார்."

அதற்குப் பிறகு அவன் பேருந்து ஏறவில்லை.

பன்னிரண்டு நிறுத்தம் தள்ளி இருந்த ஒரு பள்ளிக்கூடம் அவனைக் கணக்கு ஆசிரியராக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் வர முடியாது என்று கடிதம் எழுதி, அனுப்பாமல் மேசையில் வைத்திருந்தான். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"தினமும் நான் கார்ல கொண்டுபோய் விடறேன்டா."

"நீ கொண்டுபோய் விட்டா, வேலைக்குப் போறது நானா நீயா?"

"வேற நாற்காலி பார்க்கலாம்."

"இது எழுந்தா போதும்க்கா. எப்பவும் எழுந்தா போதும்."

நாற்காலி எழவில்லை என்று அலுவலகத்துக்கும் புகார்கள் வந்திருந்தன. அத்தனைக்கும் 'அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்' என்று ஒரே பதில் போயிற்று, புகார் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தது. இயங்குதளத்தின் புதிய பதிப்பு ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் வெளியே போகும். அடுத்தது போக இன்னும் மூன்று வாரம் இருந்தது. இதை விட்டால் பள்ளிக்கூடம் காத்திருக்காது.

அந்த நாலு அழைப்பும் ஒன்றோடொன்று மோதுவதால்தான் நாற்காலி எழவில்லை என்று அவளுக்குச் சந்தேகம். நாலே நாளில் எழுதி முடித்தாள். எழுதியது முப்பத்தெட்டு வரி, அழித்தது அறுநூற்றுப் பதினொன்று. குழுத் தலைவர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், ஓடுகிற எதையும் தொடக் கூடாது என்கிற கட்சி. அவர் திரையைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"மேடம், நிரல் தொடங்குற இடத்துலயே கை வைக்கிறீங்க. இது தப்பாப் போச்சுன்னா நாற்காலி மட்டும் இல்ல, நம்ம கருவி எதுவுமே எழாது."

"இப்பவே எழலையே, தலைவரே."

"அதுக்கு இதுதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?"

பதில் சொல்ல வேண்டியவர் சோதனைக்காரர். அறுபதை நெருங்கியவர், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆள். கீழ்த்தளத்தில் ஆறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பலகையில் அடித்துவைத்து, போட்டு அணைத்துப் போட்டு அணைத்து, ஒரே நாளில் பத்தாயிரம் தடவை தொடங்கிப் பார்ப்பார். பழையதையும் புதியதையும் ஓட்டினார். மறுநாள் அச்சிட்ட தாளோடு படியேறி வந்தார்.

"புதுசு பத்தாயிரத்துக்குப் பத்தாயிரம் எழுந்துச்சும்மா."

"பழசு?"

"அதுவும் பத்தாயிரம்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. குழுத் தலைவர் பாவம், ஜெயித்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. பழையது எழாமல் நிற்கிறது என்று காட்டினால் புதியதைச் சேர்க்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல் தம்பி முன்னால் உட்கார்ந்தாள்.

"அங்க ஒரு தடவைகூட நிக்கலடா. நீ சும்மா சொல்றியா?"

"நான் கணக்கு வாத்தியார். சும்மா சொல்லுவேனா?" என்று இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் போட்டான். நாற்காலி வந்த நாளிலிருந்து வெளியே போய்ப் போட்டபோதெல்லாம் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி எழுதியிருந்தான். தேதி, நேரம், இடம், பேட்டரி எவ்வளவு, எழுந்ததா இல்லையா. இருநூற்றுப் பதினைந்து வரி. ஐந்து இடத்தில் சிவப்பு வட்டம்.

"இதை ஏன்டா முன்னாடியே காட்டல?"

"நீ கேட்கவே இல்லையே. என்னடா ஆச்சுன்னு கேட்ட, சொன்னேன். எத்தனை தடவைன்னு இன்னைக்குத்தான் கேட்கிற."

சுருக்கென்று தைத்தது. விரலை வைத்து வரிவரியாக இறங்கினாள். ஐந்து வட்டமும் மத்தியானத்துக்கு மேல், வீடு திரும்பும் வழியில். ஐந்து வட்டத்துக்கு நேரேயும் பேட்டரி பாதிக்குக் கீழே. பாதிக்கு மேல் இருந்தபோது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சோதனைக்காரரின் பலகைக்குச் சுவரிலிருந்து மின்சாரம் போகிறது. அங்கே பேட்டரியே கிடையாது.

பேட்டரி பாதிக்கு மேல் இருந்தால் வாயைத் திறக்காது. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால், தொடங்கும்போதே குறைகிறேன் குறைகிறேன் என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சமிக்ஞை என்ன வேலை நடந்தாலும் நடுவில் புகுந்துவிடும். மறுநாள் காலையில் அவளும் சோதனைக்காரரும் பாதி தீர்ந்த பேட்டரிகள் ஆறைப் பலகையில் மாட்டினார்கள். பழைய நிரலை ஓட்டினார்கள். பதினேழாவது தடவையில் மூன்றாம் பெட்டி நின்றது. பச்சை விளக்கு வரவில்லை.

"அட" என்றார் சோதனைக்காரர். பிறகு தன் பலகையையே வெறித்துப் பார்த்தார். "பேட்டரியில ஓடுற பொருளைச் சுவத்துல மாட்டிச் சோதிச்சிருக்கேன் பாரும்மா. இத்தனை வருஷமா."

நின்ற பெட்டிக்குள் என்ன நடந்தது என்று பார்க்க அவளுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. லைப்ரரி பாதிதான் தயாராகியிருந்தது, த்ரெட்டுகள் ஒன்றையொன்று மிதிக்காமல் காக்கிற பூட்டுகளின் பட்டியல் இன்னும் போடப்படவில்லை. அந்த நொடியில் பேட்டரியின் சமிக்ஞை புகுந்து குறியைக் கேட்டது. குறி 'தயார்' என்றது. நம்பி உள்ளே போனது, இல்லாத பூட்டுக்காக நின்றது, நின்றது நின்றதுதான். தயார்செய்யும் பகுதியின் முதல் வரியே, வேலை எதுவும் தொடங்காதபோதே, குறியைத் தயார் என்று மாற்றிவைத்திருந்தது.

எந்தப் புண்ணியவான் எழுதியது என்று பழைய பதிவுகளைத் திறந்தாள். பதிமூன்று வருஷத்துக்கு முன், அவளே எழுதியது.

இப்போது ஞாபகம் வந்தது. தயார்செய்யும்போது லைப்ரரி நினைவகம் கேட்கும். நினைவகம் கொடுக்கிற பகுதி, நாலு அழைப்பில் ஒன்றாக, மறுபடி லைப்ரரியைத் தயார்செய்யக் கூப்பிடும். சுற்றிச் சுற்றி முடிவில்லாமல் ஓடும். அதை நிறுத்தக் குறியை முதலிலேயே மாற்றிவிட்டாள். ஒரே வரியில் முடித்தாள் என்று அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். த்ரெட்டோடு பழகுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது, கெட்டிக்காரத்தனமாகச் செய்த தப்பு. பதிமூன்று வருஷம் அடுத்தவர் வரிகளைக் கழற்றிப்போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். தம்பி பேருந்தில் உட்கார்ந்து பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது இந்த ஒரு வரியால். அவளுக்கு அழுகை வந்தது. கீழ்த்தளத்தில் சோதனைக்காரரைத் தவிர ஆள் இல்லாததால் கொஞ்சம் அழவும் செய்தாள். அவர் பேட்டரி மாற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

மத்தியானக் கூட்டத்தில் குழுத் தலைவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"நாற்காலி நின்னதுக்குக் காரணம் ஒரு வரி. அதை எழுதினது நான்."

அவள் வாயிலிருந்து அப்படி ஒன்றை அங்கே யாரும் கேட்டதில்லை.

"அப்போ அந்த ஒரு வரியை மட்டும் கீழே நகர்த்தினாப் போதாதா?" என்று கேட்டார் தலைவர்.

"நகர்த்தினா மறுபடி சுத்தும். நாலு இடத்துல கூப்பிடற வரைக்கும் குறி வேணும். குறி இருக்கிற வரைக்கும் அது எப்பவாவது பொய் சொல்லியே ஆகணும். சமிக்ஞை எதையும் உள்ள விடறதுக்கு முன்னாடி, ஒரே இடத்துல, ஒரே தடவை செஞ்சுட்டா, தயாரான்னு யாரும் கேட்கவே வேண்டாம். குறியே வேண்டாம்."

"நீங்க இவ்வளவு உறுதியாச் சொன்னா பயமா இருக்கு மேடம்."

"பத்தாயிரம் ஓட்டுங்க. பாதி பேட்டரியில ஓட்டுங்க. ஒண்ணு நின்னாலும் நானே திருப்பி எடுத்துக்கிறேன்."

பேட்டரிகளை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். பழையது சராசரியாகப் பதினாறு தடவைக்கு ஒரு தடவை நின்றது. புதியது பத்தாயிரத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. சோதனைக்காரர் நம்பாமல் இன்னொரு பத்தாயிரம் ஓட்டினார், அதிலும் இல்லை. தலைவர் தன் கையாலேயே அந்த மாற்றத்தைப் பதிப்பில் சேர்த்தார். சுவர் மின்சாரத்தைப் பலகையிலிருந்து சோதனைக்காரர் பிடுங்கியே போட்டுவிட்டார்.

பதிப்பு மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு நாற்காலிக்குள் போனது. தம்பி எழுதிவைத்த கடிதத்தைக் கிழித்துவிட்டு, வருகிறேன் என்று வேறு ஒன்றை எழுதினான். பள்ளிக்கூடத்தில் சேரும் முதல் நாள் அவள் கூட வருகிறேன் என்றதற்கு, "எழுமா எழாதா? அதை மட்டும் சொல்லு" என்றான்.

"எழும்."

"அப்புறம் நீ எதுக்கு?"

அவன் போனான். அவள் அலுவலகத்தில் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்கு அவனிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது, 'எழுந்தது' என்று. சாயங்காலம் நாலேமுக்காலுக்கும் அதே சொல் வந்தது, பக்கத்தில் 'பேட்டரி 31' என்று போட்டிருந்தான். அதைப் படித்த பிறகுதான் அவளுக்கு டீ இறங்கியது.

நோட்டு மட்டும் தொடர்ந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவன் கணக்கு வாத்தியார், அவளும் கேட்டதை நம்புகிற ஜாதி இல்லை. ஒவ்வொரு காலையும் பொத்தானை அழுத்திவிட்டு அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பச்சை விளக்கைப் பார்ப்பான். வந்ததும் மூச்சை விடுவான். இரண்டு வருஷப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவள் நோட்டைத் தேடினாள். அது சமையலறையில் கிடந்தது. மீதிப் பக்கத்தில் வெங்காயம், சோப்பு, பல்ப் என்று அவன் கையெழுத்தில் கடைக்கு வாங்க வேண்டிய பட்டியல் இருந்தது. கடைசி வரி மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

"என்னடா இது, எண்ணுறதை நிறுத்திட்டியா?"

"ஆமா. பசங்க பரீட்சைத் தாள் இருக்கு, நேரம் எங்க இருக்கு? அதை விடு. நேத்து என் குடையை எடுத்துட்டுப் போனது நீதானே?"

"நான் எதுக்கு உன் குடையை எடுக்கிறேன்?"

"வேற யாரு எடுப்பா, மிச்சம்? இந்த வீட்ல எது காணாமப் போனாலும் உன் பையிலதான் இருக்கும்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டபடியே அவன் கை பொத்தானை அழுத்தியது. நாற்காலி எழுந்தது. பேச்சை நிறுத்தாமலே திருப்பிக்கொண்டு வாசலைத் தாண்டினான், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பச்சை விளக்கை அவன் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தாள்.