தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும்

எங்கள் வீட்டுக் கீழறைக்கு மூன்று தடவை வாட்டர்ப்ரூஃபிங் செய்தோம். மூன்று தடவையும் ஆளைக் கூப்பிட்டவர் என் கணவர். மூன்று தடவையும் வேண்டாம் என்றவள் நான். அந்தச் சுவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் பூசினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கீழறை என்றால் நிலத்துக்குக் கீழே இருக்கிற அறை. ராஜபாளையத்தில் பேஸ்மட்டம் என்று சொன்னால் கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மேல் எழுப்புகிற கட்டைத்தான் நினைப்பார். அதனால் எங்கள் வீட்டில் அதற்கு அண்டர்கிரவுண்டு என்று பெயர். எங்கள் மனை ஏற்கெனவே பள்ளம். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுத் தெருவை உயர்த்தியதில் இன்னும் பள்ளமாகிவிட்டது. மண் அடித்து நிரப்பலாம் என்றார் கணவர். நிரப்ப வேண்டாம், தூண் எழுப்பிக் கீழே ஓர் அறை விடுங்கள், அது எனக்கு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அங்கேதான் என் தொழில். தறியிலிருந்து வரும் பேண்டேஜ் துணியை உருளையாகச் சுற்றி, அளவாக நறுக்கி, உறையில் போட்டு, பெட்டி கட்டி மதுரை வியாபாரி ஒருவருக்கு அனுப்புவேன். எங்கள் தெருவிலிருந்து மூன்று பெண்களும், டவுன் பஸ் பிடித்து செட்டியார்பட்டியிலிருந்து ஒருத்தியும் வேலைக்கு வந்தார்கள். வ. புதுப்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு இந்த ஊரில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த ஓர் அறைதான் இருந்தது. ஆனால் அது ஜனங்கள் புண்ணில் கட்டுகிற துணி. ஈரக்காற்று பட்டாலே வாடை வரும், கரும்புள்ளி விழும். அந்த அறை காய்ந்து கிடக்கிற வரைக்கும்தான் எனக்குத் தொழில்.

முதலில் கிழக்குச் சுவரின் அடியில் ஓர் ஈரக்கோடு தெரிந்தது. மழைக்காலம்கூட இல்லை, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த சித்திரை மாதம். நாலைந்து நாளில் அது காய்ந்தது, பிறகு மறுபடியும் வந்தது. கவனித்துப் பார்த்ததில் பிடிபட்டுவிட்டது. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்கு எல்லா வீட்டிலும் நிலத்துக்குள் கட்டிய தொட்டியை நிரப்பிவைப்பார்கள். தொட்டி நிரம்பிய மறுநாள் எங்கள் சுவர் நனையும்.

எங்கள் தொட்டி வீட்டின் முன்பக்கம். கிழக்குச் சுவரை ஒட்டி இருப்பது பக்கத்து வீட்டுத் தொட்டி. பக்கத்து வீடு, என் கணவரின் அண்ணன் வீடு.

அவரை நான் அத்தான் என்பேன். அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் சீக்கிரமே போய்விட, தம்பியைப் படிக்கவைத்து, மில்லில் வேலை வாங்கிக்கொடுத்து, மனையில் பாதியைப் பிரித்துக் கொடுத்தவர் அவர். அதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் வீடே வாயை மூடிக்கொள்ளும். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் கத்துவார், பேரப்பிள்ளை தும்மினாலும் கத்துவார். தம்பி மனைவி அவர் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அக்காவிடம், அதாவது அவர் மனைவியிடம், சொல்ல வேண்டும். சமயம் பார்த்து அக்கா அவரிடம் சொல்வார்.

தொட்டி விஷயத்தை முதலில் என் கணவரிடம்தான் சொன்னேன்.

"அது வேர்வை" என்றார்.

"சுவருக்கு எப்படிங்க வேர்க்கும்?"

"பொறவு பாத்துக்கிடலாம். அண்ணன்கிட்ட போயி ஒங்க தொட்டி ஒழுகுதுன்னு சொல்லச் சொல்லுதியா? அவிய நின்னு கட்டின தொட்டி அது."

மில்லில் ஒரு ஷிப்டையே அதட்டி வேலை வாங்குகிற சூப்பர்வைசர் அவர். அவருடைய குரல் கேட் வரைக்கும் கேட்கும் என்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அந்தக் குரல் அண்ணன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டாது.

அக்காவிடமும் போனேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "எனக்கும் தெரியும் தாயி. ராத்திரி நெறைச்சா காலையில ஒரு சாண் கொறஞ்சு கெடக்கு. நான் போயிச் சொன்னேன்னு வையி, நீதான் தண்ணியைக் கொட்டித் தீத்தேம்பாக. எதுக்கு வம்பு?" என்றார். குறைந்ததை அடுத்த தண்ணீர் வரும்போது நிரப்பிவிட்டு அவர் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கிறார். அவர் நிரப்பியதெல்லாம் என் சுவரில் இறங்கியது.

அதற்குப் பிறகுதான் கம்பெனி வந்தது. கணவர் போனில் விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட மதுரைக் கம்பெனி. சட்டையில் கம்பெனிப் பெயர் போட்ட ஒருவர் வந்து, ஈரம் பார்க்கிற கையடக்கமான ஒரு கருவியைச் சுவரில் வைத்தார். அது கீச்கீச்சென்று கத்தியது. எனக்கு விளக்கவும் செய்தார்.

"மேடம், நாம நிக்கிறது நெகடிவ் சைடு. தண்ணி நிக்கிறது சுவத்துக்கு அந்தப் பக்கம், அது பாசிட்டிவ் சைடு. பூச்சு அந்தப் பக்கம் பண்ணுனாத்தான் நிலைக்கும். அங்க என்ன இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "அந்தப் பக்கமெல்லாம் போக முடியாது. உள்பக்கமே பண்ணுங்க."

அந்த ஆள் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சங்கதி என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும், "பண்ணிரலாம் சார், இப்ப நல்ல நல்ல கெமிக்கல் வந்திருக்கு" என்றார். வயிற்றுவலிக்காரனுக்கு முதுகில் தைலம் தேய்க்கிற கதை. வேலை நிலைக்காது என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அதே வாயால் பத்து வருட கேரண்டியும் பேசினார். பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரில் துளை போட்டு, பம்ப்பால் மருந்து ஏற்றி, மேலே இரண்டு கை பூசிவிட்டுப் போனார்கள். வேலை என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது. ஆடி மாதம் பூச்சு பொரிந்து உப்பு பூத்தது.

இரண்டாவது தடவைக்கு முன்னால் இன்னொன்று நடந்தது. பொங்கலுக்கு அத்தான் குடும்பத்தோடு கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். போகும் முன் தொட்டியைக் கழுவிக் காயப்போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பி வருகிற வரைக்கும் எங்கள் சுவர் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. வந்து தொட்டியை நிரப்பினார்கள், மறுநாள் ஈரம். கணவரைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டுபோய் அந்தச் சுவரைத் தொடவைத்தேன். தொட்டார். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"கம்பெனிக்காரனையே திரும்பக் கூப்பிடுவோம். கேரண்டி இருக்குல்ல" என்றார்.

அன்றைக்கு நான் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். அத்தான் வீட்டுக்கும் கேட்டிருக்கும் என்றுதான் அவர் பயந்தார். "ஏட்டி, மெதுவா" என்றார். சுவர் அழுவது அவருக்குப் பெரிதில்லை. அண்ணன் காதில் விழுந்துவிடக் கூடாது, அதுதான் பெரிது.

வந்தார்கள், பூசினார்கள். அதுவும் பொரிந்தது. மூன்றாவது தடவை கெமிக்கலோடு சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் பேனலும் அடித்தார்கள். பளபளவென்று, துணிக்கடை மாதிரி இருந்தது. "இப்பப் பாரு, ஈரமே தெரியல" என்று அதைத் தட்டிக் காட்டினார் கணவர். ஈரம் தெரியவில்லைதான். பேனலுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்து அறை முழுக்க நாற்றம். மதுரை வியாபாரி பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். போனில் அவர் கோபப்படக்கூட இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போற சரக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை.

பெண்கள் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். செட்டியார்பட்டிக்காரி மட்டும் கடைசி வரை வந்தாள். ஒருநாள் அவளும், "அக்கா, மில்லு பஸ்சு விடியுமுன்ன வருது. ஆனா வேலை நிச்சயம்" என்று தயங்கிக்கொண்டே சொன்னாள். நறுக்கும் இயந்திரத்தில் துரு ஏறியது. அறையைப் பூட்டினேன். கணவர் என் தோளைத் தட்டி, "நீயும் எம்புட்டு நாளைக்கு ஒழைப்ப? வீட்டுல நிம்மதியா இரு" என்றார். ஆறுதலாம்! என் கைத்தொழிலைப் பிடுங்கிக்கொண்டு ஓய்வெடுக்கச் சொல்கிற ஆறுதல். அன்று அவருக்குச் சோறு போட எனக்கு மனம் வரவில்லை, போடவும் இல்லை.

அடுத்த தடவை நல்ல தண்ணீர் வந்த காலையில் அத்தான் வாசலில் நின்று தொட்டி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூட்டிக்கொண்டிருந்த வாரியலைக் கீழே போட்டுவிட்டுப் போய் அவர் முன்னால் நின்றேன். முந்தானையைக்கூட இழுத்துவிடவில்லை.

"அத்தான், ஒங்க தொட்டி ஒழுகுது. எங்க கீழறைக்குள்ள தண்ணி வருது. எந் தொழிலே போச்சு."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக் கீழறைக்கு இறங்கினார். அவர் அதில் இறங்கியது அதுதான் முதல் தடவை. பேனல் ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தார். மேலேயிருந்து ஓடிவந்த தம்பியிடம் திரும்பினார்.

"ஏலே, எம்புட்டு நாளா இப்படி?"

என் கணவர் பெயர்த்த பேனலைத் திரும்பப் பொருத்தப் போனார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாலே? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

மறுநாளே கொத்தனார் வந்து தொட்டியை இறைத்துப் பார்த்தார். தொட்டியின் மூலையில் வெடிப்பு, பைப் நுழைகிற இடத்தில் இடைவெளி. உள்ளே இறங்கி இரண்டையும் அடைத்து, தொட்டிக்கு உட்பக்கமாகப் பூசிக் காயவிட்டார்கள். அதாவது, அந்தக் கம்பெனி ஆள் முதல் நாளே சொன்ன பாசிட்டிவ் சைடில். பிறகு தண்ணீர் வரவே இல்லை. எங்கள் சுவர் மெதுவாகக் காய்ந்தது.

எல்லோரும் அத்தானின் பெரிய மனசைப் பாராட்டினார்கள். எனக்கு அதைக் கேட்கவும் எரிச்சல். வாழ்க்கை முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்து, யாரும் எதையும் சொல்ல முடியாதபடி வைத்துவிட்டு, கடைசியில் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பது என்ன பெரிய மனசு? என் கணவருக்கோ என் மேல் கோபம். சுவர் காய்ந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. அண்ணன் முன்னால் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேனாம். பல நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் அதற்காக ஏங்கவில்லை. இயந்திரத்தைத் துருநீக்கி, செட்டியார்பட்டிக்காரியைத் தேடிப் போனேன். மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வரவில்லை, அவள் மட்டும் வந்தாள். எங்கள் இரண்டு பேரோடு அறை மறுபடி திறந்தது.

போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். அவர் வீட்டிலும் ஓர் அண்டர்கிரவுண்டு. அவர் மனைவி அங்கே தையல் மெஷின்கள் போட்டு நைட்டி தைக்கிறாள். எனக்குக் காட்ட ஆசையாகக் கூட்டிப்போனாள். மெஷின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தாள். தரையில் ஈரச் சாக்கு. "எங்கிருந்து வருதுன்னே தெரியலக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மேலே வந்தால் பந்தி முடிந்து ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் கணவர் அந்த உறவுக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். "மதுரைக் கம்பெனிதான் நமக்குப் பண்ணாங்க. இப்பச் சொட்டுத் தண்ணி கெடையாது. நீங்களும் அவங்களையே கூப்பிடுங்க, நம்பர் தாரேன்." பக்கத்தில் அத்தான், வெற்றிலையை மென்றுகொண்டு, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தம்பியைக் கேட்டாரே, அந்த மனிதர்தான்.

எனக்கு உச்சி கொதித்தது. ஆண்கள் நடுவில் போய் நின்றேன்.

"கம்பெனி ஒண்ணும் பண்ணல. எங்க அத்தான் தொட்டி ஒழுகிச்சு. நான் போயிக் கேட்டேன், அவிய அடைச்சாக. அம்புட்டுதான்." அந்த உறவுக்காரரிடம் திரும்பினேன். "ஒங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு வீடு?"

அவர் முகம் சுருங்கியது. வாசலில் வெள்ளை வேட்டியோடு விருந்தினரை வழியனுப்பிக்கொண்டிருந்த பெரியவரை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க பெரியப்பா வீடுங்க" என்றார் தணிந்த குரலில். அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, என் கணவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த நம்பரைச் சொல்லுங்க" என்றார்.