கீறல் விழாத கடிகாரம்

அக்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளைக்காக, என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, துபாயிலிருந்து ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு வழக்கப்படி நிக்காஹ் முடிந்ததும் பெண்ணின் தாய்மாமன்தான் மாப்பிள்ளையின் கையில் வாட்ச் கட்டிவிட வேண்டும். அதை வாங்குவதற்காக மாமா ஒரு பெருநாளுக்குக்கூட ஊருக்கு வராமல் இருந்தார் என்று அம்மா பெருமையும் வருத்தமுமாகச் சொல்வாள்.

கன்னங்கரேலென்று, தொட்டால் சில்லென்று இருக்கும். அதன் கூடு பீங்கான் என்றார் மாமா.

"பீங்கானா? அப்ப டீ ஊத்திக் குடிக்கலாம்னு சொல்லுங்க" என்று எங்களைப் பெற்ற அத்தா சிரித்தார்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சம்பா அறுப்பு முடிந்து கூரை எரவாணத்தில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவி, எல்லார் எதிரிலும் வாட்ச்சின் மேல் பரபரவென்று இழுத்தார். ஒரு கோடு விழவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் வாட்ச்சும் அரிவாளும் வெளியே வந்துவிடும். "நீங்களே கீறிப் பாருங்க. பயப்படாம கீறுங்க!"

கீறல் விழாதது உடையவும் உடையாது என்று நான் நம்பினேன். எனக்கு ஒன்பது வயது.

கல்யாணத்துக்கு முதல் நாள், எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அதை எடுத்துக் காட்டினேன்.

"கீறல் விழலைன்னா என்ன? கீழ போட்டுப் பாரேன், தைரியமிருந்தா."

நான் அதிகம் பேசமாட்டேன். கையை நீட்டி வாட்ச்சைக் கீழே போட்டுவிட்டேன். சிமெண்டுத் தரையில் 'டிக்' என்று ஒரு சத்தம். அவள் ஓடிவிட்டாள். முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வார் சேரும் மூலையில், கூட்டின் மேல், தலைமுடி போல ஒரு விரிசல். வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது.

அக்காவின் கண்மையை எடுத்து விரிசலில் தேய்த்து, பாவாடை நுனியால் துடைத்தேன். கோடு மறைந்துவிட்டது.

மறுநாள் மாமா அதை மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்டார். யா அல்லாஹ், இவர் கை கழுவக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். பிரியாணி சாப்பிடுகிறவர் கழுவாமல் இருப்பாரா? கழுவினார். விரல் நுனியைப் பார்த்தார். வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் காலை, மணமக்கள் இருந்த அறையின் கதவுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "ஏம்மா, உங்க வீட்டுல வாட்ச்சுக்கெல்லாம் மை போடுவீங்களா?"

அக்காவை அனுப்பிவிடப் போகிறார் என்று எனக்கு அழுகை வந்தது. உள்ளே அக்கா சிரித்தாள். நாணமெல்லாம் போய், அப்படி ஒரு சிரிப்பு.

கதவு திறந்தது. "அழாதே குட்டி" என்று மாப்பிள்ளை மச்சான் மணிக்கட்டை நீட்டினார். "மை போயிடுச்சு. இன்னொரு தடவை போட்டுவிடு. மாமா பார்த்தாங்கன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க."

அதன் பிறகு மாமா விடுமுறையில் வரும்போதெல்லாம் எனக்கு அந்த வேலை இருந்தது. மாமா வந்ததும் மச்சானின் கையைப் பிடித்துக்கொள்வார்.

"பார்த்தீங்களா மாப்பிள்ள, ஒரு கோடு விழுந்திருக்கா?"

"எப்படி மாமா விழும்?" என்பார் மச்சான்.

மாமாவின் கட்டைவிரல் எப்போதும் அந்த மூலையின் மேலேயே இருக்கும். கையை விட்டதும் விரலைக் கைலியில் துடைத்துக்கொள்வார். அரிவாளை மட்டும் அவர் அப்புறம் கேட்டதே இல்லை.

நான் மை போடுவது அவ்வளவு நேர்த்தி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.